மாட்ரிட்டிலிருந்து டொலேடோ ஒரே நாளில்: ரயிலா, பஸ்ஸா?

மல்லிப்பந்தல் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். அக்டோபர் இரண்டாம் வாரம் ஸ்பெயின் போகிறோம். நான், கணவர், பத்து வயதுப் பையன், அப்புறம் என் அம்மா. அம்மாவுக்கு அறுபத்தெட்டு. சமதரையில் என்னைவிட வேகமாக நடப்பார். மேடு, படி என்றால் மட்டும் வலது முட்டி மக்கர் செய்யும். மாட்ரிட்டில் புவேர்த்தா தெல் சோல் சதுக்கத்துப் பக்கம் நான்கு இரவு தங்குகிறோம். அதில் ஒரு நாள் பக்கத்தில் உள்ள டொலேடோ என்ற பழைய ஊருக்கு.

வீட்டில் ஒரு வாரமாக இதே பஞ்சாயத்து. "ரயிலில் முப்பத்து மூன்று நிமிடம், பஸ்ஸில் ஒரு மணி நேரம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்கிறார் கணவர். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. போன வருடம் வேறோர் ஊரில் இதே மாதிரி நிமிடக் கணக்கை நம்பி இறங்கினோம். ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் போய்ச் சேரவே முக்கால் மணி ஆகிவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஞாயிறு அல்லது செவ்வாய், இரண்டில் ஒரு நாள்தான் முடியும். போய் வந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

தண்டவாளம்

ரயில். அடுத்த கேள்வி?

தண்டவாளம்

சரி, சரி, காரணமும் சொல்லிவிடுகிறேன். அடோச்சா நிலையத்தில் ஏறுகிறீர்கள். 1992-இல் திறந்த செவில் அதிவேகப் பாதையில் கொஞ்ச தூரம் ஓடும். பிறகு லா சாக்ரா என்ற இடத்தில் டொலேடோவுக்கென்று 2005-இல் போட்ட கிளைப் பாதையில் திரும்பும். வண்டிக்கு அவான்த் என்று பெயர், நாலே பெட்டி. தண்ணீர் பாட்டிலைத் திறந்து இரண்டு வாய் குடிப்பதற்குள் ஊர் வந்துவிடும்.

ஆனால் நான் ரயில் என்று சொல்வது வேகத்துக்காக மட்டும் இல்லை. டொலேடோ ஸ்டேஷனுக்காக. 1919-இல் திறந்தது. நார்சிசோ கிளவேரியா என்ற கட்டடக் கலைஞர், அந்த ஊரின் பழைய மூரிய (ஸ்பெயினை ஒரு காலத்தில் ஆண்ட முஸ்லிம்களின்) கைவேலைப் பாணியில் கட்டியது. வெளியே மணிக்கூண்டு, உள்ளே லாட வடிவ வளைவுகள், சுவரடியில் வண்ண ஓடுகள், வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். டிக்கெட் கவுண்டரே செதுக்கிய மரத்தில் இருக்கும், ஏதோ அரண்மனைக் கணக்கர் உள்ளே உட்கார்ந்திருப்பது போல. காலை வெயில் அந்த ஜன்னல் வழியாகத் தரையில் விழும்போது பார்த்தேன். வந்தவர்களில் பாதிப் பேர் அதைக் கவனிக்காமலே வெளியே ஓடினார்கள். பஸ்காரர்களுக்கு இது கிடைக்காது.

கணக்குப்பிள்ளை

மல்லிப்பந்தல், உங்கள் வீட்டுக்காரர் வண்டி ஓடும் நேரத்தை மட்டும் எண்ணுகிறார். அறைக் கதவைப் பூட்டியது முதல் டொலேடோவின் சோகோதோவேர் சதுக்கத்தில் நிற்பது வரை எண்ண வேண்டும். பழைய ஊரின் மையம் அதுதான்.

ரயில்: சோல் நிலையத்திலிருந்து முதலாம் தட மெட்ரோவில் அடோச்சா நான்காவது நிறுத்தம். இறங்கி ஏறி நடப்பதையும் சேர்த்து இருபது நிமிடம். அங்கே பைகளை ஸ்கேனரில் விட வேண்டும், புறப்படும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்பே வாசலை அடைத்துவிடுவார்கள். அதற்காக இன்னோர் இருபது. வண்டி முப்பத்து மூன்று. டொலேடோ ஸ்டேஷனிலிருந்து நகரப் பேருந்துக்குக் காத்திருந்து மேலே ஏற இருபது. மொத்தம் தொண்ணூற்று மூன்று.

பஸ்: அது பிளாசா எலிப்திகாவிலிருந்து கிளம்பும், தரைக்கு அடியில் இருக்கிற பெரிய பஸ் நிலையம். சோலில் மூன்றாம் தடம் பிடித்து லெகாஸ்பியில் இறங்கி, ஆறாம் தடத்தில் இரண்டு நிறுத்தம். முப்பது நிமிடம். காத்திருப்பு சுமார் பதினைந்து. ஓட்டம் அறுபது. டொலேடோ பஸ் நிலையத்திலிருந்து எஸ்கலேட்டர் வழியாகச் சதுக்கத்துக்குப் பதினைந்து. மொத்தம் நூற்றிருபது.

வித்தியாசம் இருபத்தேழு நிமிடம். இரண்டு மடங்கு வேகம் என்று சொன்னது எங்கே போனது பாருங்கள். இதில் நான் சேர்க்காத ஒன்று இருக்கிறது. ரயில் ஏறக்குறைய மணிக்கு ஒன்றுதான். அம்மாவின் மாத்திரை டப்பாவைத் தேடுவதில் ஐந்து நிமிடம் தாமதமானால், ரயில்காரருக்கு ஒரு மணி நேரம் போச்சு. பஸ் அரை மணிக்கு ஒன்று வீதம் இருக்கும்.

தண்டவாளம்

கணக்குப்பிள்ளை சார், மாத்திரை டப்பாவை முதல் நாள் இரவே பையில் வைக்கலாம்.

ஊர்சுற்றி

நான் பஸ் கட்சி. காரணம் போகும்போது இல்லை, திரும்பும்போது.

அவான்த் ரயிலில் எல்லாமே முன்பதிவு இருக்கை. நின்றுகொண்டு போகிறேன் என்று கெஞ்சினாலும் நடக்காது. அதனால் எல்லோரும் போகவர இரண்டு டிக்கெட்டையும் காலையிலேயே எடுத்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் எடுத்தேன், மாலை ஐந்தரை சுமாருக்கு. அன்று பகல் முழுக்க மேகம். எல்லாச் சுவரும் ஒரே சாம்பல். ஐந்து மணிக்கு மேகம் விலகி, கோட்டைச் சுவரும் கூரை ஓடுகளும் தேன் நிறத்துக்கு மாறின பாருங்கள், அந்த நேரத்தில் நான் மலையிலிருந்து கீழே ஸ்டேஷனைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தேன். அல்காந்தரா பாலத்தின் மேல் ஒரு நிமிடம் நின்று திரும்பிப் பார்த்தேன். அவ்வளவுதான் கிடைத்தது.

அடுத்த முறை பஸ்ஸில் போனேன். ஆற்றுக்கு அக்கரையில் மிரதோர் தெல் வாயே என்று ஒரு மேடு இருக்கிறது. அங்கே போய், சூரியன் முழுக்க மறைந்து, ஊரில் விளக்குப் போட்ட பிறகுதான் கிளம்பினேன். தாஹோ ஆறு மூன்று பக்கமும் வளைந்து ஓட, நடுவில் ஊர். ஸ்ரீரங்கத்துக்குக் காவிரி மாதிரி என்று சொல்ல வந்தேன், ஆனால் இங்கே ஆற்றின் வளைவுக்குள் மலைக்கோட்டையையே தூக்கி வைத்தது போல இருக்கும். பழைய ஊர்ச் சுற்றுலாவில் மாலை வெளிச்சம்தான் பாதி. அதை ரயில்வே அட்டவணையிடம் ஒப்படைப்பானேன்?

தண்டவாளம்

இரவு ரயிலுக்கு எடுத்திருக்கலாமே. ஐந்தரைக்கு எடுத்தது உங்கள் தப்பு.

ஊர்சுற்றி

எடுத்திருக்கலாம். அன்றைக்கு மேகம் எத்தனை மணிக்கு விலகும் என்று நீங்கள் முன்னமே சொல்லியிருந்தால்.

பாட்டிசொல்

மாட்ரிட்டில் ஆறு வருடம் குடியிருந்தேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் டொலேடோவுக்குக் கூட்டிப் போவது என் வேலை. மாமியார், நாத்தனார், கணவரின் அலுவலக நண்பர்கள், எல்லோரையும். எத்தனை முறை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். மல்லி, உங்களுக்கு ரயிலா பஸ்ஸா என்பதற்கு முன்னால் இரண்டு விஷயம்.

முதலாவது, ஞாயிறு வேண்டாம். டொலேடோ போவதே அந்தக் கதீட்ரலுக்காக. 1226-இல் ஆரம்பித்து 1493 வரை கட்டியது. ஞாயிறு காலை அங்கே பூசை நடக்கும், சுற்றுலாப் பயணிகளைப் பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் விடுவார்கள். முதல் முறை மாமியாரை ஞாயிறு காலை பத்து மணிக்கு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. சனி ஞாயிறில் ரயில் டிக்கெட்டும் சீக்கிரம் தீர்ந்துவிடும். திங்கள் போனால் ஓவியர் எல் கிரெக்கோவின் அருங்காட்சியகமும் திரான்சிதோ யூதக் கோவிலும் மூடியிருக்கும். நீங்கள் சொன்ன செவ்வாய்தான் சரியான நாள்.

இரண்டாவது, முட்டி. ரயில் ஸ்டேஷன் ஆற்றுக்குக் கிழக்கே, தரைமட்டத்தில் இருக்கிறது. பஸ் நிலையம் மலைக்கு வடக்கே, அதுவும் தரைமட்டம். இரண்டில் எங்கே இறங்கினாலும் ஊர் தலைக்கு மேலேதான். இதைச் சொல்லாமல் எல்லோரும் நிமிடம் எண்ணுகிறார்கள்.

ஸ்டேஷனிலிருந்து நடந்தால் பாலம் வரை பத்துப் பன்னிரண்டு நிமிடம், சமதரை, உங்கள் அம்மா சிரித்துக்கொண்டே வருவார். பாலத்தைத் தாண்டியதும் ஏற்றமும் படியும் ஆரம்பிக்கும். அங்கேதான் முகம் மாறும். அதனால் நடக்க வேண்டாம். ஸ்டேஷன் வாசலிலேயே டாக்சி நிற்கும், நகரப் பேருந்தும் வரும். நாலு பேருக்கு டாக்சியே மேல்.

பஸ் நிலையத்தில் இறங்கினால் சாஃபோந்த் பக்கம் சில நிமிடம் நடந்து, அங்கிருந்து எஸ்கலேட்டரில் மிராதேரோ மேடைக்குப் போய்விடலாம், சதுக்கத்துக்கு மிக அருகில். இன்னொரு எஸ்கலேட்டர் வரிசை பிசாக்ரா வாயில் பக்கம் ரெகாரேதோ சாலையில் இருக்கிறது. 2000-இல் மலையைக் குடைந்து போட்டது, அதில் ஏறிப் போவதே ஓர் அனுபவம். ஆனால் எஸ்கலேட்டரை நம்பி மட்டும் திட்டம் போடாதீர்கள். இரவில் நிறுத்திவிடுவார்கள். நான் போன நாட்களில் ஒன்றிரண்டு முறை பராமரிப்பு என்று கயிறு கட்டியும் பார்த்திருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை

"இரண்டில் எங்கே இறங்கினாலும் ஊர் தலைக்கு மேலேதான்." இதை என் பட்டியலில் சேர்க்காமல் விட்டது பிழைதான். பதினைந்து நிமிடம், இருபது நிமிடம் என்று சமமாக எழுதினேன், ஆனால் ஏறுகிற நிமிடமும் உட்கார்ந்திருக்கிற நிமிடமும் ஒன்றில்லை.

நாடோடிமனம்

டொலேடோவை விடுங்கள், செகோவியா போங்கள். ரோமானியர் கட்டிய நீர்ப்பாலம் நடு ஊரில் நிற்கிறது. அதிவேக ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது.

பாட்டிசொல்

செகோவியா அழகான ஊர்தான். ஆனால் ரயிலில் அரை மணி என்று சொல்லிவிட்டு மீதியைச் சொல்லாமல் விடக்கூடாது. அங்கே அதிவேக ரயில் நிற்கும் கியோமர் ஸ்டேஷன் ஊருக்கு வெளியே, வெட்ட வெளியில் இருக்கிறது. இறங்கினால் சுற்றிலும் காற்றும் புல்லும்தான். அங்கிருந்து நகரப் பேருந்தில் ஏறினால்தான் நீர்ப்பாலத்தடிக்கு வர முடியும். மாட்ரிட் மொங்க்ளோவாவிலிருந்து வருகிற பஸ்ஸோ ஊருக்குள்ளேயே இறக்கிவிடும், பஸ் நிலையத்திலிருந்து பொடிநடைதான் பாலத்துக்கு.

அதனால் செகோவியா என்றால் நான் பஸ் என்பேன். குவென்காவும் அப்படித்தான், அதிவேக ரயில் ஸ்டேஷன் ஊரைவிட்டுத் தள்ளி. இந்த அதிவேகப் பாதைகளை நேராகப் போட வேண்டியிருப்பதால் பழைய ஊர்களின் மேடு பள்ளத்துக்குள் கொண்டுவர மாட்டார்கள், ஓரமாகத் தொட்டுவிட்டுப் போய்விடும். டொலேடோவில் மட்டும் பாதை அங்கேயே முடிகிறது. பழைய ஸ்டேஷனுக்கே புதிய ரயிலைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். எந்த ஊர் என்று கேட்காமல் ரயிலா பஸ்ஸா என்று சொல்ல முடியாது என்பதற்கு இந்த மூன்று ஊரே போதும்.

வெயில்பந்தல்

டூர் பஸ்ஸைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே? ஹோட்டல் பக்கத்திலேயே ஏற்றி, மலை மேலேயே இறக்கி, வழிகாட்டியும் தருவார்கள்.

ஊர்சுற்றி

ஒரு முறை ஏறினேன், நிறுவனம் எது என்று சொல்லப் போவதில்லை. கதீட்ரலை வெளியிலிருந்து காட்டினார்கள். வாள் விற்கிற கடையை உள்ளே கூட்டிப்போய் ஐம்பது நிமிடம் காட்டினார்கள். டொலேடோ எஃகு புகழ்பெற்றதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விமானத்தில் வாளை எப்படிக் கொண்டு வருவது என்று விளக்கமாகச் சொன்ன வழிகாட்டி, எல் கிரெக்கோ எங்கே பிறந்தார் என்று கேட்டதற்கு ஸ்பெயின் என்றார். கிரேக்கன் என்று பெயரிலேயே இருக்கிறது. கிரீட் தீவில் பிறந்தவர் அவர், 1577-இல்தான் டொலேடோவுக்கு வந்தார்.

மல்லிப்பந்தல்

எல்லோருக்கும் நன்றி. பாட்டிசொல் அக்கா, ஞாயிறை அடித்துவிட்டேன். மாமியார் பார்வை எனக்கும் பழக்கம்தான்.

ஒரு கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருந்தது, பரவாயில்லை, கேட்டுவிடுகிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது கழிவறை தேவைப்படும். பஸ்ஸில் கழிவறை இருக்குமா?

பாட்டிசொல்

இதை முதலிலேயே கேட்டிருந்தால் இத்தனை பக்கம் எழுதியிருக்க மாட்டோம்! இதில் கூச்சம் என்ன? வயதானவர்களோடு போகிற எல்லோருக்கும் உள்ள கேள்விதான்.

நான் போன டொலேடோ பஸ்களில் கழிவறை இருந்ததில்லை. ரயிலில் உண்டு. இரண்டு நிலையங்களிலும் உண்டு. பஸ்ஸில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நேராகப் போகிற பஸ் ஒரு மணி நேரம் என்றால், வழியில் ஊர் ஊராக நின்று போவது ஒன்றரை மணி எடுக்கும். இரண்டும் அதே நிலையத்திலிருந்துதான் கிளம்பும். பலகையில் "திரெக்தோ" என்று இருக்கிறதா என்று பார்த்து ஏற வேண்டும். மாட்ரிட்டுக்குள் நுழைகிற ஏ-42 நெடுஞ்சாலை மாலையில் நெரிசலாகிவிட்டால் நேர் பஸ்ஸும் ஊர்ந்துதான் வரும். உங்கள் அம்மாவுக்கு ரயில்.

தண்டவாளம்

வந்தீர்களா வழிக்கு.

ஊர்சுற்றி

கழிவறைக்கு எதிராக வாதாட எனக்கும் தெம்பில்லை. போகும்போது ரயில், சரி. திரும்பும்போது மட்டும் கையைக் கட்டிக்கொள்ளாதீர்கள். போக மட்டும் டிக்கெட் எடுங்கள். மாலையில் அம்மா எப்படி இருக்கிறார் என்று பார்த்து, ரயிலோ பஸ்ஸோ முடிவு செய்யுங்கள்.

கணக்குப்பிள்ளை

இதில் எனக்கு உடன்பாடில்லை. மாலையில் ரயிலில் இடம் இல்லாவிட்டால்? நாலு பேருக்கு ஒன்றாக இருக்கை வேண்டும். செவ்வாய் என்றாலும் அந்த ரயிலில் தினமும் வேலைக்குப் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். போகவர சேர்த்தே எடுத்துவிடுங்கள், திரும்புவதைச் சற்றுப் பிந்திய ரயிலாக.

முடக்கத்தான்

எல்லோரும் ஏறுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். முட்டி வலிக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், இறங்கும்போதுதான் உயிர் போகும். ஏறும்போது மூச்சு வாங்கும், நின்று நின்று ஏறலாம். கூழாங்கல் பாவிய சரிவில் இறங்கும்போது உடம்பின் முழு எடையும் முட்டியில் விழும். டொலேடோ தெருக்களில் கல் மழுமழுவென்று தேய்ந்திருக்கும், மழை பெய்தால் இன்னும் மோசம். டாக்சிக் காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று காலையில் டாக்சியில் ஏறி, மாலையில் நடந்து இறங்காதீர்கள். செய்வதானால் தலைகீழாகச் செய்யுங்கள். அம்மாவுக்கு நல்ல பிடிமானம் உள்ள ஷூ, ஒரு மடக்குக் கைத்தடி. கைத்தடி வேண்டாம் என்பார். பையில் போட்டுக்கொள்ளுங்கள், மூன்றாவது சந்தில் அவரே கேட்பார்.

பாட்டிசொல்

நூற்றில் ஒரு வார்த்தை. ஊருக்குள் ஒழுங்கையும் சொல்லிவிடுகிறேன். மேலே சதுக்கத்தில் இறங்கி முதலில் கதீட்ரல், அங்கிருந்து மெதுவாக மேற்கே சாந்தோ தோமே தேவாலயம், திரான்சிதோ, இன்னொரு பழைய யூதக் கோவிலான சாந்தா மரியா லா பிளாங்கா. பெரும்பாலும் இறக்கம்தான், ஆனால் மிதமானது. வழி நெடுக உட்கார இடம் கிடைக்கும். மேற்குக் கோடியில் முடித்துவிட்டு, திரும்பி மேலே ஏறாமல் அங்கேயே வண்டி பிடித்து நேராக ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள். கையில் கட்டுகிற பட்டை ஒன்று விற்பார்கள், ஏழு இடங்களுக்குச் செல்லும். கதீட்ரல் அதில் சேராது, அதற்குத் தனி டிக்கெட்.

மல்லிப்பந்தல்

குறித்துக்கொண்டேன். போய் வந்து எழுதுகிறேன். (கைத்தடியை அம்மாவுக்குத் தெரியாமல் வாங்கிவிட்டேன்.)

நெறியாளர்

மூன்று வாரமாக அமைதியாக இருந்த இழை. வாள் இறக்குமதி பற்றிய பத்துப் பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன்.

மல்லிப்பந்தல்

வந்துவிட்டோம், எழுதுகிறேன் என்று சொன்னதை மறக்கவில்லை. துணி துவைத்து முடிக்கவே ஒரு வாரம் ஆனது.

செவ்வாய், காலை ஒன்பது மணிக்கு மேல் கிளம்பும் ரயில். போக மட்டும் டிக்கெட் எடுத்தோம், ஊர்சுற்றி சொன்னபடி. கணக்குப்பிள்ளை சார் மன்னிக்கவும். அடோச்சாவில் அம்மாவின் கைப்பையை ஸ்கேனரில் விட்டார்கள். உள்ளே இருந்த எவர்சில்வர் டப்பாவைத் திறக்கச் சொல்லி, முறுக்கைப் பார்த்துவிட்டு மூடித் தந்தார்கள். முப்பத்து மூன்று நிமிடம் என்பது உண்மைதான். அம்மா ஒரு முறை எழுந்து கழிவறைக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்தார், டொலேடோ என்று அறிவித்தார்கள்.

டாக்சியில் மேலே போனோம். கதீட்ரலில் பெரிய பீடத்துக்குப் பின்பக்கம் ஓரிடத்தில் கூரையையே துளைத்து வெளிச்சத்தை இறக்கியிருக்கிறார்கள். எல் திரான்ஸ்பரெந்தே என்று பெயர், 1732-இல் முடித்தது. அம்மா அதன் முன்னால் ஒரு பெஞ்சில் இருபது நிமிடம் உட்கார்ந்துவிட்டார். "கர்ப்பக்கிரகத்தை நாம் இருட்டாக வைத்திருக்கிறோம், இவர்கள் ஓட்டை போட்டு வெயிலைக் கொண்டுவருகிறார்கள்" என்றார். அதற்கு மேல் எந்த வழிகாட்டியும் எனக்குத் தேவைப்படவில்லை.

சாந்தோ தோமேயில் எல் கிரெக்கோவின் பெரிய படம், ஓர்காஸ் பிரபுவின் அடக்கம். முன்னால் ஒரு சின்னப் பையன் நின்று பிணத்தைக் காட்டுகிறான். ஓவியரின் சொந்த மகனாம். அவன் சட்டைப் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கைக்குட்டையில் 1578 என்று, அவன் பிறந்த வருடம். படம் வரைந்தது 1586 முதல் 1588 வரை. அப்படியானால் அவனுக்கு என் வயதுதான் என்று என் பையன் கணக்குப் போட்டான். அதுவரை "இன்னும் எத்தனை சர்ச்" என்று நச்சரித்துக்கொண்டிருந்தவன், அப்புறம் வாயைத் திறக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு பாட்டிசொல் அக்கா போட்டுத் தந்த ஒழுங்கைக் கெடுத்தது என் கணவர். மேற்கே போகிறவர்களை நிறுத்தி, கிறிஸ்தோ தெ லா லுஸ் என்ற சின்ன மசூதியைப் பார்த்தே ஆக வேண்டும் என்று வடக்கே இழுத்துப் போனார். கி.பி. 999-இல் கட்டியது, பிறகு தேவாலயமாகிவிட்டது. தஞ்சைப் பெரிய கோவிலைவிடப் பதினோரு வருடம் மூத்தது என்று அம்மாவிடம் சொன்னேன். "இத்தனூண்டா?" என்றார். உண்மையில் நம் வீட்டுக் கூடம் அளவுதான். ஆனால் ஒன்பது கட்டக் கூரையும் ஒன்பது விதம், ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. அங்கே போகிற சரிவில்தான் கைத்தடியைக் கேட்டார். முடக்கத்தான் ஐயா, மூன்றாவது சந்து இல்லை, ஐந்தாவது.

இப்போது திரும்பின கதை. நாலரை மணிக்குக் கைபேசியில் பார்த்தால், அடுத்த இரண்டு ரயிலிலும் நாலு இடம் இல்லை. அதற்கடுத்ததற்கு இரண்டரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். கணவர் என்னைப் பார்த்தார். நான் கணக்குப்பிள்ளை சாரை நினைத்துக்கொண்டேன். மசூதி வடக்குப் பக்கம் இருந்ததால் நாங்கள் பஸ் நிலையத்துக்குத்தான் பக்கத்தில் இருந்தோம். அம்மாவே, "நிலையத்தில் போய்விட்டு ஏறிக்கொள்கிறேன், ஒரு மணி நேரம் தாங்கும்" என்றார். திரெக்தோ பார்த்து ஏறினோம். ஏ-42-இல் கொஞ்சம் ஊர்ந்தது, எழுபத்தைந்து நிமிடம் ஆனது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தவர், பாதி வழியில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். எலிப்திகாவில் எழுப்பித்தான் இறக்கினேன்.

கணக்குப்பிள்ளை

இரண்டரை மணி நேரம் என்று படித்தபோது எனக்கு வந்த மகிழ்ச்சியை வெளிக்காட்டாமல் இருக்க முயல்கிறேன்.

ஊர்சுற்றி

பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வந்தார், கவனிக்கவும்.

பாட்டிசொல்

அம்மாவை நான் கேட்டதாகச் சொல்லுங்கள். திரான்சிதோ பார்க்கவில்லையா அப்போது? சரி, அடுத்த முறைக்கு இருக்கட்டும். மார்சிபான் வாங்கினீர்களா?

மல்லிப்பந்தல்

வாங்கினோம் அக்கா. அம்மா ஒன்று தின்றுவிட்டு, பாதாம் அல்வாவை ஆறவைத்து உருண்டை பிடித்த மாதிரி இருக்கிறது என்றார். அப்புறம் சர்க்கரை அளவைச் சொல்ல மறுத்துவிட்டார்.

தண்டவாளம்

ஸ்டேஷன் எப்படி இருந்தது என்று ஒரு வரிகூட எழுதவில்லையே. டிக்கெட் கவுண்டரைப் படம் எடுத்தீர்களா?

மல்லிப்பந்தல்

எடுத்தேன் அண்ணா, உங்களுக்காகவே. ஆனால் படத்தில் கவுண்டர் பாதிதான் தெரிகிறது. மீதியை மறைத்துக்கொண்டு அம்மா கழிவறை எங்கே என்று சைகையால் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஜன்னல் வெளிச்சம் மட்டும் நீங்கள் சொன்ன மாதிரியே தரையில் விழுந்திருக்கிறது.